அழைப்பில்லாக் களம்

மேற்கே மலைமுகட்டில் அந்திச் செக்கர் இன்னும் முழுதும் அவியாதிருக்க, கிழக்கே மூங்கிற்காட்டின் தலைக்கு மேலே முழுநிலா தயங்கித் தயங்கி முகம் காட்ட, இரண்டுக்கும் நடுவே பாதிச் சிவப்பும் பாதி வெள்ளியுமாகக் கோட்டை மதிலை உரசிக்கொண்டு கழையாறு ஓடிக்கொண்டிருந்தது. தினை அறுவடை முடிந்த பருவம். சரிவுகளில் தாள்களை எரித்த புகையோடு கடைசி வேங்கைப் பூக்களின் மணமும் கலந்து வந்தது. கூட்டுக்குத் திரும்பும் கிளிகள் மதிலின் மேல் ஒருமுறை இறங்கி, காவலர்களை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் பறந்து போயின.

கழைமலைக் கோட்டையின் நிலாமுற்றத்தில் நின்று இந்தக் காட்சியைக் காணும் பேறு பெற்றவள் அக்கோட்டையின் தலைவி தரளநங்கை. அன்பு வாசகர்களே, காணும் பேறு பெற்றவள் என்றுதான் சொன்னோம். கண்டாள் என்று சொல்லவில்லை. அவள் கண்கள் ஆற்றிலும் இல்லை, நிலவிலும் இல்லை. மதிலுக்கு உட்புறம், நீர்வாயிலுக்கு அருகில் பரந்து கிடந்த பாறைக்களத்திலேயே அவை குத்திட்டு நின்றன.

அந்தப் பாறையில் முன்னோர் குடைந்து வைத்த உரற்குழிகள் வரிசையாக இருந்தன. பொழுது சாய்ந்ததும் கோட்டைப் பெண்கள் அங்கே கூடித் தினை குற்றுவார்கள். ஒரு குழிக்கு இருவராக எதிரெதிரே நின்று, ஒருத்தியின் உலக்கை எழும்போது மற்றவளின் உலக்கை விழ, வள்ளைப்பாட்டு எழும்பும். ஒருத்தி மற்றொருத்தியைக் கேலி செய்து ஓரடி கட்டினால் அடுத்தவள் அதற்கு மறு அடி கட்ட வேண்டும் என்பது முறை. நடுக்குழியில் ஒரு பக்கம் நின்றவள் தலைவனின் தமக்கை எயினி நாச்சியார்; கணவனைப் போரில் இழந்து தம்பியின் கோட்டைக்கே திரும்பி, அங்குள்ள அத்தனை பெண்களையும் கண்ணசைவால் ஆண்டுவந்தவள். அவளுக்கு எதிரே நின்று உலக்கை போட்டவள் தாழை. தரளநங்கை கழைமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, முத்துப் பேழைகளோடும் பட்டுப் பொதிகளோடும் சேர்த்து அனுப்பப்பட்ட சேடிப் பெண்.

தாழை ஏதோ ஓரடி பாடினாள். களம் முழுவதும் கொல்லென்று சிரித்தது. மேற்குக் கணவாய்க்குப் படையோடு புறப்பட்டுக்கொண்டிருந்த தலைவன் கொற்றவேள்கூடக் குதிரையை ஒரு கணம் நிறுத்தி, தமக்கையைப் பார்த்துத் தலையை அசைத்துச் சிரித்துவிட்டுப் போனான். போகிற போக்கில் நிலாமுற்றத்தை அண்ணாந்து பார்த்து மனைவிக்குக் கை உயர்த்தவும் தவறவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பின் மிச்சம்தான் தன் பங்குக்கு வந்தது என்று தரளநங்கைக்குத் தோன்றியது.

அவள் வயிறு எரிந்தது. அதற்குப் பெயர் பொறாமை. வேறு அழகான பெயர் வைக்க நமக்கும் ஆசைதான். ஆனால் இருப்பதை இல்லையென்று மறைத்துக் கதை நடத்த நமக்குத் தெரியாது. கணவன் சேடியிடம் மயங்கிவிட்டானோ என்ற வழக்கமான பொறாமை என்றும் எண்ணிவிட வேண்டாம். கொற்றவேள் அப்படிப்பட்டவன் அல்லன் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் சிரித்ததில் அவளுக்கு வருத்தமில்லை. அந்த ஊரையே சிரிக்க வைக்கிற இடத்தில் தான் இல்லாமல் தாழை இருக்கிறாளே, அதுதான் பொறுக்கவில்லை.

தரளநங்கையின் பிறந்த ஊர் சங்குமுனைத்துறை. கிழக்குக் கடல் வாசற்படியில் வந்து படுத்துக்கொள்ளும் ஊர். அங்கே கண்ணை எடுத்தால் வானம் கடலைத் தொடும் இடம் வரைக்கும் தடையில்லை; இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வந்து முகத்துக்கு நேரே நின்றது. அங்கே மீன் கடலில் பிறந்த மீன். இங்கே ஆற்று மீனில் சேற்று வாடை. முதல் மழைக்காலம் முழுவதும் அவள் இரவில் விழித்துக்கொண்டு, அலையோசை ஏன் நின்றுபோயிற்று என்று யோசித்து, பிறகு தான் எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்து அழுதாள். அப்போதெல்லாம் தாழையும் கூடவே உட்கார்ந்து அழுதாள். இருவரும் சேர்ந்து அழுத வரைக்கும் அந்த அழுகை ஓரளவு இனிப்பாகவும் இருந்தது.

சங்குமுனையில் ஒரு வழக்கம் உண்டு. எவர் வீட்டுக்கும் அழையாமல் போகக் கூடாது. அழைத்தாலும் முதல் அழைப்பில் எழுந்து ஓடக் கூடாது. வெற்றிலைத் தட்டோடு வாசலில் வந்து மும்முறை அழைத்த பிறகே உள்ளே கால் வைப்பதும், மும்முறை உபசரித்த பிறகே பாயில் உட்காருவதும் நற்குடிப் பிறப்பின் அடையாளம். கூடையில் மீன் சுமக்கிறவர்களும் அங்கே இதை மீறமாட்டார்கள். "அழையாத இடத்தில் நுழையாதே" என்பதுதான் பல்லக்கில் ஏறும்போது தாய் அவளுக்குச் சொன்ன கடைசி வார்த்தை.

ஆகவே அவள் காத்திருந்தாள். கழைமலைப் பெண்கள் என்றைக்காவது ஒரு நாள் வெற்றிலைத் தட்டோடு வந்து களத்துக்கு அழைப்பார்கள் என்று பட்டுடுத்தித் தலைசீவிக் காத்திருந்தாள். மழைக்காலம் போயிற்று, பனிக்காலமும் போயிற்று. மும்முறை என்ன, ஒருமுறைகூட எவரும் அழைக்கவில்லை. எதிரே வந்தால் புன்னகை செய்தார்கள். அவள் களத்தின் ஓரமாக நடந்தால் எயினி நாச்சியார் பார்வையை உரலுக்குள் தாழ்த்திக்கொண்டாள். உப்புக் காற்றில் வளர்ந்தவள் என்று இகழ்கிறார்கள் என்று தரளநங்கை முடிவு செய்தாள். தாழையோ தண்ணீர் எடுக்கப் போன முதல் நாளே யாரோ கையிலிருந்த உலக்கையை வாங்கி இரண்டு குத்துக் குத்திவிட்டு வந்தாள். சேடிக்கு அழைப்பேது, மறுப்பேது? நாள் செல்லச் செல்ல அவளுடைய பேச்சில் சங்குமுனை இழுப்புக் குறைந்து மலைநாட்டு இழுப்பு ஏறியது. இரவில் ஊர்க்கதை பேச உட்கார்ந்தால், பாதியிலேயே தவிடு படிந்த தலையோடு தூங்கிப்போனாள்.

கொற்றவேள் நல்லவன், ஆனால் சொன்னதைச் சொன்னபடியே நம்பிவிடுகிற நல்லவன். "உனக்கு இங்கே ஏதேனும் குறையா?" என்று கேட்பான். அவள் குறையொன்றுமில்லை என்பாள். அவன் நிம்மதியாகத் தூங்கிவிடுவான். அறுவடை முடிந்ததும் அவளை ஒரு பருவகாலம் தாய்வீட்டுக்கு அனுப்புவதாக வாக்களித்திருந்தான். அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாட்களைக் கடத்தினாள். போன பிறையன்று அவன், "உன் தோழி வந்ததிலிருந்து கோட்டையே கலகலப்பாகிவிட்டது" என்று வெள்ளை மனத்தோடு சொன்னான். அன்று அவள் சோற்றில் கை வைக்கவில்லை.

இப்படி நெஞ்சு காய்ந்து கிடந்த வேளையில்தான் வளையல் வணிகன் வந்து சேர்ந்தான். தன் பெயர் நெய்தலான் என்றான். புருவம்வரை இறங்கி முகத்தில் நிழல் விழுத்தும் பெரிய தலைப்பாகை, தோளில் சங்கு வளையற்கோவை, வாயில் அசல் சங்குமுனைப் பேச்சு. நேரே அவளுடைய கூடத்துக்குள் வந்து, பாயில் அமர்ந்து, பானையிலிருந்து தானே நீர் மொண்டு குடித்து, "தாயீ, நம்ம ஊருக் காத்தை ஒரு மூட்டை கட்டிக் கொண்டாரலாம்னு பாத்தேன், வழியில அவுந்து போச்சு" என்றான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தப் பேச்சைக் கேட்ட தரளநங்கைக்குக் கண்ணில் நீர் முட்டியது. சொந்த ஊர்க்காரன் சொந்த வீட்டில் நடப்பதுபோல் நடந்ததில் அவள் உருகித்தான் போனாள்.

அவன் மறுபடி வந்தான், மறுபடியும் வந்தான். துறையில் எந்தத் தோணி கரையேறியது, எந்தப் புன்னை மரம் புயலில் சாய்ந்தது என்றெல்லாம் சொன்னான். நடுநடுவே அவள் மனத்தில் இருந்ததை நூல் பிடித்து இழுப்பதுபோல் இழுத்து எடுத்தும்விட்டான். தாழையை ஊருக்கே அனுப்பிவிட்டால் என்ன என்பது அவன் சொன்னதா, தானே சொன்னதா என்று பின்னால் எண்ணிப் பார்த்தபோது அவளுக்கே விளங்கவில்லை. தன் படகு கீழே நிற்பதாகவும், எவருக்கும் சொல்லாமல் அந்தி விளக்கு ஏற்றிய பிறகு நீர்வாயில் வழியாகப் பெண்ணை ஏற்றிப் பத்திரமாகச் சேர்ப்பதாகவும் அவன் கூறினான். நீர்வாயில் கோட்டைத் தலைவியின் பொறுப்பு. விளக்கு வைத்த பிறகு அவள் கைமோதிரத்தைக் கண்டால் மட்டுமே காவலன் அதைத் திறப்பான். கொற்றவேளின் ஆணையேகூட அங்கே செல்லாது. அன்று நண்பகலில் தரளநங்கை அந்த மோதிரத்தைக் கழற்றி நெய்தலான் கையில் கொடுத்துவிட்டாள்.

இப்போது கதைக்கு வருவோம். களத்தில் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் ஆளனுப்பித் தாழையை மேலே வரவழைத்தாள். மூச்சு வாங்க, முகமெல்லாம் தவிட்டோடு தாழை வந்து நின்றாள்.

"மூட்டையைக் கட்டிக்கொள், தாழை. இன்றே நீ ஊருக்குப் புறப்படுகிறாய். படகு வருகிறது" என்றாள் தரளநங்கை, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

தாழை விழித்தாள். "எந்த ஊருக்கு, அம்மா?" என்று கேட்டாள்.

வேண்டுமென்று கேட்ட கேள்வியல்ல அது, தன்னையறியாமல் வந்துவிட்டது. அதனாலேயே அது தரளநங்கையின் நெஞ்சில் நேராகப் போய்த் தைத்தது. தான் என்ன பிழை செய்துவிட்டோம் என்று தாழை அழத் தொடங்கியபோது, இத்தனை காலம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் தலைவியின் வாயிலிருந்து கொட்டிவிட்டது.

"நீ ஒரு பிழையும் செய்யவில்லை. நீ இங்கே நன்றாக இருக்கிறாய்; அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உன்னை அழைத்து நடுக்குழியில் நிறுத்திக்கொண்டார்கள். தலைவியாக வந்த என்னை ஒருத்தி, ஒரே ஒருத்தி, வா என்று அழைத்ததுண்டா?"

தாழை அழுகையை நிறுத்தினாள். முகத்துத் தவிட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு, "என்னையும் எவரும் அழைக்கவில்லை, அம்மா" என்றாள். "இந்த மலையில் அந்நியரை மட்டும்தான் அழைப்பார்கள். வீட்டு மனிதரை வா என்று அழைத்தால், நீ எங்கள் வீட்டுக்காரி இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகும். அவரவர் தாமாக வந்து உலக்கையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை எயினி நாச்சியாரிடம் உங்களை அழைக்கும்படி சொன்னேன். என் தம்பி மனைவியை விருந்தாளி ஆக்கச் சொல்கிறாயா என்று கோபித்துக்கொண்டார். நீங்கள் பக்கத்தில் வரும்போதெல்லாம் தலையைத் தாழ்த்திக்கொள்கிறார் இல்லையா? அது உங்களுக்கு இடம் விடுவது. இன்றைக்கு வருவாள், நாளைக்கு வருவாள் என்று அவர்களும்தான் காத்திருக்கிறார்கள்."

தரளநங்கை சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "இது உனக்கு எப்போது தெரியும்?"

"வந்த முதல் மழைக்காலத்திலேயே தெரியும்."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

தாழை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் சேடியின் பணிவு இல்லை. "சங்குமுனையில் எனக்கென்று ஒன்றும் இருந்ததில்லை. உங்கள் பழைய சேலை, உங்கள் மிச்சச் சோறு, உங்கள் அழுகை. இங்கேதான் முதன்முதலாக எனக்கென்று ஒரு குழி, எதிரே ஒரு உலக்கை. நீங்கள் களத்தில் இறங்கிவிட்டால் நான் மறுபடியும் உங்கள் பின்னால் நிற்கும் சேடியாகிவிடுவேன். அந்தப் பயம்தான். நான் செய்தது துரோகம்தான், அம்மா."

வாசகர்களே, இந்த இடத்தில் தரளநங்கை சீறியிருக்க வேண்டும். ஆனால் அவள் மனத்தில் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? ஒருவித ஆறுதல். தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஒரு உயிர் இந்த ஊரில் இருந்திருக்கிறது என்கிற வெட்கங்கெட்ட ஆறுதல். மனித மனம் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ஆறுதலை அவள் அனுபவித்து முடிப்பதற்குள் வேறொரு நினைவு வந்து அவளைக் குலுக்கியது.

அழையாமல் வந்தான். உட்காரச் சொல்லுமுன் உட்கார்ந்தான். தன் கையால் தானே நீர் மொண்டு குடித்தான்.

சங்குமுனையில் பிறந்தவன் எவனும், நாவறண்டு சாகிற நிலையிலும், அப்படிச் செய்யமாட்டான். வாய் கடற்கரை வாய்தான். ஆனால் வாசலைத் தாண்டிய கால் மலைநாட்டுக் கால். மலைநாட்டான் ஒருவன் கடற்கரையான் வேடத்தில் வந்து நீர்வாயிலின் மோதிரத்தை வாங்கிப் போயிருக்கிறான் என்றால் எதற்காக? கோட்டையில் பாதிப் படைக்கு மேல் மேற்குக் கணவாய்க்குப் போய்விட்ட இந்த அந்தியில் எதற்காக?

தரளநங்கை படிகளில் ஓடினாள். பட்டு காலில் சிக்கியது. அதை வாரிச் செருகிக்கொண்டு ஓடினாள். பாறைக்களத்தின் விளிம்பு வந்ததும் அவள் கால்கள் தாமாகவே நின்றன. ஒருவரும் அழைக்கவில்லை. எயினி நாச்சியார் அவளைப் பார்த்துவிட்டுப் பார்வையை உரலுக்குள் தாழ்த்தினாள். எதிர்ப்புறம், தாழை நிற்கும் இடம், வெறுமையாக இருந்தது. தரளநங்கை தாய் சொன்ன வார்த்தையை மிதித்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். பக்கத்துப் பெண்கள் பேசாமல் அரையடி நகர்ந்து வழிவிட்டார்கள். எயினி, தலை நிமிராமலே, சார்த்தி வைத்திருந்த உலக்கையை எடுத்து அவள் பக்கம் நீட்டினாள்.

"நாச்சியாரே, என் மோதிரம் பகைவன் கையில் இருக்கிறது. நீர்வாயில் திறக்கப் போகிறது" என்றாள் தரளநங்கை.

எயினி எப்படி, ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை. ஒருத்தியை வடமதில் காவலரிடம் ஓடச் சொல்லிவிட்டு உலக்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். களத்துப் பெண்கள் அத்தனை பேரும் அவரவர் உலக்கையோடு பின்னால் போனார்கள். நீட்டிய உலக்கையை வாங்கிக்கொண்டு தரளநங்கையும் ஓடினாள். தாழை எப்போது வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டாள் என்பது தெரியவில்லை.

நீர்வாயில் என்பது மதிலின் அடியில் ஆற்றை நோக்கித் திறக்கும் வளைவு. அதன் கனத்த மரக்கதவை வடம் கட்டி மேலே இழுத்து ஒரு முளையில் மாட்டி நிறுத்துவார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கதவு மேலே ஏறி முடிந்திருந்தது. காவலன் மோதிரத்தை நிலவில் பிடித்துச் சரிபார்த்து வணிகனிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு சிறு படகு உட்புறத் துறையில் நின்றது. வளைவுக்கு வெளியே, மூங்கில் நிழலோடு நிழலாக, நீளமான தெப்பங்கள் ஓசையின்றி நெருங்கிக்கொண்டிருந்தன. தெப்பத்தின் மேல் தழைகளை மூடிக்கொண்டு ஆட்கள் படுத்திருந்தார்கள். தழைகளினூடே வேல்முனைகள் மின்னின.

"முளையை அடியுங்கள்" என்றாள் எயினி.

தினை குற்றிப் பழகிய கைகள் அவை. ஒருத்தி எடுக்க ஒருத்தி போட, ஒரு அடிகூடத் தவறாமல் விழுந்தது. தரளநங்கையும் தாழையும் எதிரெதிரே நின்று அடித்தார்கள். முளை தெறித்தது. முதல் தெப்பத்தின் மூக்கு வளைவுக்குள் நுழைந்த அதே கணத்தில் கதவு இடியோசையோடு இறங்கி, தெப்பத்தை இரண்டாக முறித்து ஆற்றில் அமிழ்த்தியது. வெளியே கூக்குரலும் நீரடிக்கும் சத்தமும் எழுந்தன. வடமதிலிலிருந்து அம்புகள் பறக்கத் தொடங்கவே மற்றத் தெப்பங்கள் திரும்பிக்கொண்டன.

உள்ளே அகப்பட்டுக்கொண்ட வணிகனைப் பெண்கள் உலக்கைகளோடு வளைத்தார்கள். ஒரு உலக்கை அவன் தலைப்பாகையைத் தட்டிவிட்டது. நிலவொளி முகத்தில் விழுந்ததும் எயினி நாச்சியார் ஓரடி பின்வாங்கினாள்.

"கடுவேள்" என்றாள்.

ஆம், கொற்றவேளின் தாயாதி, கோட்டையின் மேல் உரிமை கொண்டாடித் தோற்று, ஊரைவிட்டு ஓடிய கடுவேளே அவன். ஓடிய காலமெல்லாம் சங்குமுனைத் துறையில் மிளகு விற்றுக் கடற்கரைப் பேச்சைக் கற்றுக்கொண்டிருந்தான். கணவாயில் தன் படை கூடுகிறது என்ற பொய்ச் செய்தியைப் பரப்பிக் கொற்றவேளை அப்பால் இழுத்தவனும் அவனே. வளைத்து நின்ற உலக்கைகளுக்கு நடுவே அவன் பதறவில்லை. மதிற்படியில் தாவி ஏறி, உச்சியில் நின்று திரும்பினான்.

"எயினி, நான் வாயிலைத் திருடவில்லை. உங்கள் புதுத் தலைவியிடம் கேட்டு வாங்கினேன். ஒரு சேடியின் சிரிப்புத்தான் விலை" என்று சொல்லிவிட்டு, மோதிரத்தோடு ஆற்றுக்குள் பாய்ந்தான். நிலவில் ஒருமுறை தலை தெரிந்தது. பிறகு மூங்கில் நிழல் அவனை விழுங்கிவிட்டது.

களத்துப் பெண்கள் அத்தனை பேரும் தரளநங்கையைப் பார்த்தார்கள். வாயிலைத் திறந்த காவலன் வாளை உருவித் தரையில் வைத்துவிட்டுத் தலை குனிந்து மண்டியிட்டான். பகைவனுக்குக் கதவு திறந்தவன் தலையைக் கொடுக்க வேண்டும் என்பது அக்கோட்டையின் சட்டம். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால், மோதிரத்தைத் திருடிவிட்டான் என்று ஒரு பொய் சொன்னால், தரளநங்கை தப்பிவிடலாம். இன்றுதான் உள்ளே கால் வைத்த களத்திலிருந்து இன்றே வெளியே போக வேண்டியதில்லை.

அவள் காவலனுக்கு முன்னால் போய் நின்றாள். அவன் தன் மோதிரத்துக்குக் கட்டுப்பட்டான் என்றும், மோதிரத்தைத் தானே கழற்றிக் கொடுத்ததாகவும் சொன்னாள். தாழையை எவருக்கும் தெரியாமல் ஊருக்கு அனுப்பிவிட நினைத்ததையும், அவள் இங்கே மகிழ்ச்சியாக இருப்பது பொறுக்காமல் அப்படி நினைத்ததையும் சொன்னாள். தாழை தன்னிடம் மறைத்ததை மட்டும் சொல்லவில்லை.

எயினி நாச்சியார் நெருங்கி வந்தாள். தரளநங்கை கண்ணை மூடிக்கொண்டாள். மன்றத்தில் நிறுத்துவார்கள், பல்லக்கில் ஏற்றித் தாய்வீட்டுக்கே திருப்பி அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தாள். வந்ததோ வசைமாரி.

"ஏன்டி, புத்தி கெட்டவளே, உன்ற தலைக்குள்ள என்ன தவிடா இருக்குது? மோதிரம் குடுக்கறாளாம் மோதிரம். மனசு நோகுதுன்னா கீழ எறங்கி வந்து எங்களோட சண்டை போடோணும், கண்டவனுக்குக் கதவு தொறந்து உடறதா? எத்தனை பொழுது உனக்குன்னு ஒரு ஒலக்கையைச் சாத்தி வெச்சுட்டு நின்னிருப்பேன் தெரியுமா? பட்டைக் கட்டிக்கிட்டு மேல நின்னு பாக்கறாளே, இந்தப் புள்ளைக்கு நம்மளைப் புடிக்கலியோன்னு எத்தனை நாள் வெசனப்பட்டிருப்பேன்?"

அது நெடுநேரம் தொடர்ந்தது. நாம் எழுதத் தகாத சில சொற்களும் அதில் இருந்தன. மற்றப் பெண்களும் தத்தம் பங்குக்கு ஒவ்வொன்று சேர்த்தார்கள். தரளநங்கை வந்த நாள் முதல் இந்தக் கோட்டையில் எவரும் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். இப்போது தலை குனிந்து அந்த ஏச்சை வாங்கிக்கொண்டு நின்றபோது, அவளுக்கு அழுகையும் வந்தது, அடிநெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்குவதும் தெரிந்தது. மன்றத்தில் எப்போது நிற்க வேண்டும் என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"மன்றம் அசலாருக்கு" என்றாள் எயினி, மூச்சு வாங்கிக்கொண்டு. "வீட்டுப் பொம்பளைக்கு என்ற வாய் போதும். தம்பிகிட்ட நீயே சொல்லிக்கோ."

காவலனை எழச் சொல்லி அவன் வாளை அவனிடமே கொடுத்தாள். தரளநங்கை நீர்வாயிலின் ஈரக் கல்லில் வலக்கையை வைத்தாள். மோதிரமில்லாத அந்த விரல் நிலவில் வெளுத்துத் தெரிந்தது.

"என் பொறாமையால் போன மோதிரத்தைக் கடுவேளின் கையிலிருந்து மீட்டு, இந்த வாயிலுக்குக் கொண்டு வரும்வரை சங்குமுனை மண்ணை நான் மிதிக்க மாட்டேன். கடலைக் கண்ணால் காண மாட்டேன். இது கழையாற்றின் மேல் ஆணை" என்றாள்.

தாழை திடுக்கிட்டு அவள் கையைப் பற்றினாள். அறுவடைக்குப் பிறகான அந்தப் பயணத்தை நினைத்தே அவள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள் என்பது தாழையைவிட யாருக்குத் தெரியும்? எயினி நாச்சியார் சபதத்தைக் கேட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆற்றின் கீழ்த்திசையைப் பார்த்தாள். அந்த நீர் எங்கேயோ போய்க் கடலில் சேர்கிறது என்று கேள்விப்பட்டதோடு சரி, அவள் பார்த்ததில்லை.

"சபதம் நல்ல சபதந்தான்" என்றாள். "ஆனா மோதிரம் வந்ததுக்கப்பறம் நீ மட்டும் போகக் கூடாது. நாங்களும் வருவோம். இங்க பாதிப் பேர் கடலையே பாத்ததில்லை. உங்கம்மா தட்டை எடுத்துட்டு வாசல்ல வந்து மூணு தடவை கூப்பிடறதெல்லாம் வேண்டாம்னு சொல்லிப்போடு. அதுக்கெல்லாம் நமக்கு எங்க பொழுது? நேரா உள்ள வந்து உக்காந்துக்கறோம்."

வெற்றிலைத் தட்டும் கையுமாகத் தாய் வாசலில் வாய் பிளந்து நிற்க, அவளைக் கடந்து கழைமலைப் பெண்கள் அத்தனை பேரும் கூடத்துக்குள் போய்ச் சம்மணமிட்டு அமரும் காட்சி தரளநங்கையின் கண்முன் வந்தது.

"என் தாய் மயக்கம் போட்டு விழுந்துவிடுவாள், மதினி" என்றாள்.

நாச்சியார் என்பது போய் மதினி என்பது எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. தாழைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எயினியும் சிரித்தாள், ஈரப் படிகளில் நின்றிருந்த எல்லோரும் சிரித்தார்கள். யார் முதலில் சிரிக்க வைத்தது என்பதைத் தரளநங்கை கவனிக்கவில்லை.